கடலாத்தாளுக்கு உடம்பு சரியில்லை

கடலின் வாசம் எப்படி இருக்கும், உங்களுக்குத் தெரியுமா?

சேந்தமங்கலம் பக்கத்து ஜனங்களுக்கு எண்பத்தொன்றாம் வருஷம் நன்றாகவே தெரிந்திருந்தது. அவர்களில் பாதிப் பேர் திருச்சியைத் தாண்டியதில்லை. மீதிப் பேர் மோகனூரையே தாண்டியதில்லை. அவர்கள் கண்ட பெரிய தண்ணீர் மோகனூர்க் காவிரி. ஆனாலும் கடல் வாசத்தைப் பற்றிக் கேட்டால் போதும், கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள்:

"சுருக்குன்னு மூக்குல ஏறுமுங்க. தொண்டை கமறும். கண்ணுல தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டும். அத்தனையும் நாம செஞ்ச பாவம் கரையறதுங்க!"

இப்படி மூக்குக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் கடலாத்தா சித்தர்.

சித்தர் எங்கிருந்து வந்தார்? இராமேசுவரத்திலிருந்து நடந்தே வந்ததாகச் சொன்னார். நடந்து வந்தவர் எப்படி ஒரு கண்ணாடித் தொட்டியையும் எட்டு மூட்டைச் சாமான்களையும் கொண்டு வந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்குப் பெயர்தான் பக்தி.

சேந்தமங்கலம் ரோட்டில் பழைய கடலைக்காய்க் கிடங்கு ஒன்று சும்மா கிடந்தது. அதைப் பிடித்தார். சன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் மூடினார். நடுவில் தொட்டி, தொட்டிக்குள் உப்புத் தண்ணீர், உப்புத் தண்ணீருக்குள் ஒரு பொருள். மான்கொம்பு மாதிரிக் கிளை கிளையாகப் பிரிந்து, பாலில் தோய்த்தது போல வெள்ளை வெளேர் என்று நின்றது. பக்கத்தில் ஒரு சின்ன மெஷின் 'டுர்ர்' என்று ஓட, அடியிலிருந்து குமிழி குமிழியாகக் கிளம்பியது.

"இது கல்லு இல்லை, தாயே! கடலாத்தாளோட எலும்பு! உசுரோட இருக்கா. மூச்சு விடறா, பாரு!"

பார்த்தார்கள். மூச்சுதான் விட்டாள்.

அது என்னவென்று நான் சொல்லிவிடுகிறேன். கடலுக்கு அடியில் பவளப் பூச்சி என்று ஒன்று உண்டு. குருணை அளவு உயிர். லட்சக்கணக்கில் சேர்ந்து சுண்ணாம்பால் கூடு கட்டும். பூச்சி செத்துப் போகும், கூடு நிற்கும். அந்தக் காலத்தில் கடற்கரைப் பக்கம் அதை வண்டி வண்டியாக வாரி வந்து காளவாயில் போட்டுச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். அங்கே சுவரில் பூசியதை இங்கே விழுந்து கும்பிட்டார்கள். வித்தியாசம் சுமார் இருநூறு மைல்.

கூட்டம் சொல்லி முடியாது. இராசிபுரத்திலிருந்து வந்தார்கள், திருச்செங்கோட்டிலிருந்து வந்தார்கள். "எலும்பு ஸ்டாப்பிங் எறங்கு!" என்று கண்டக்டர்கள் கூவினார்கள். கிடங்கு வாசலில் பொரிகடலைக் கடை வந்தது, தேங்காய்க் கடை வந்தது, செருப்புக்குக் காவல் இருக்க ஓர் ஆள் வந்தார்.

பார்த்துவிட்டுப் போனால் சித்தருக்கு என்ன லாபம்? ஆகவே கடலாத்தாள் வீடு வீடாகக் குடியேறத் திருவுளம் கொண்டாள். தொட்டி, உப்பு, மூச்சு மெஷின், ஒரு கிளை எலும்பு, எல்லாம் சேர்த்து ஒரு நல்ல கிடாயின் விலை. வசதியுள்ள வீடுகளெல்லாம் வாங்கின. சித்தர் ஒவ்வொருவருக்கும் ஒரே உபதேசம் செய்தார்.

"கிழக்குச் சன்னல் ஓரமா வை. காலை வெயில் அவ மேல விழணும். சுத்தமான வீட்ல ஆத்தா பாலாட்டம் வெள்ளையா இருப்பா. பாவம் நடக்கிற வீட்ல அவளுக்கு உடம்பு சரியில்லாமப் போகும். பச்சை பூத்துடும். பூத்தா உடனே என்கிட்ட கொண்டா. ஒரு ராத்திரி தீர்த்தத்தில வச்சுக் குணப்படுத்தித் தரேன்."

செத்த எலும்புக்கு உடம்பு சரியில்லாமல் போகுமா என்று கேட்காதீர்கள். போயிற்று. வீட்டுக்கு வீடு போயிற்று. பச்சை பூக்காத வீடே இல்லை. தாலுகாவில் இத்தனை பாவமா என்று ஜனங்கள் அசந்து போனார்கள். வழியில் பார்த்துக்கொண்டால் முன்பெல்லாம் "மழை உண்டுங்களா?" என்பார்கள். இப்போது, "உங்க ஊட்டு ஆத்தாளுக்கு எப்படிங்க இருக்குது?" "போன வாரம் தேவலைங்க. இந்த வாரம் முதுகுல லேசாப் பச்சை தட்டுதுங்க." சொல்லும்போதே தலை குனிந்துவிடும்.

கரண்டு போனால் இன்னும் கொடுமை. மெஷின் நிற்கும், குமிழி நிற்கும். "ஐயோ, ஆத்தா மூச்சு நின்னு போச்சே!" என்று தெருவே எழவு வீடாகும். கரண்டு வரும். ஆத்தா உயிர்த்தெழுவாள். தேங்காய் உடைப்பார்கள். அந்த வருஷம் கரண்டு தினமும் போய் வந்தது. தேங்காய் விலை ஏறியது.

பச்சை பூத்த எலும்பைச் சித்தரிடம் கொண்டு போனால், மூடி போட்ட குடத்துக்குள் ஒரு ராத்திரி வைப்பார். காலையில் எடுத்தால் முட்டை ஓடு மாதிரி வெள்ளை. குடத்தின் மூடியைத் திறந்து பக்தர்களின் மூக்குக்கு நேரே காட்டுவார். "இழு! கடல் வாசம்! நல்லா இழு!" இழுப்பார்கள். இருமுவார்கள். கண்ணீர் வடிப்பார்கள். காணிக்கை வைப்பார்கள். கடலைக்காய் மூட்டையும் வரும், சேவலும் வரும், காதில் கிடந்த கம்மலும் வரும்.

இதுவரை சிரிப்புத்தான். இனி சௌந்திரத்தின் கதைக்கு வருவோம்.

சேந்தமங்கலத்துக்கு இரண்டு மைல் தள்ளி ஒரு சின்ன ஊர். அங்கே பாவாயி என்று ஒரு விதவை அம்மாள். நாலு ஏக்கர் கிணற்றுத் தோட்டம், இருநூறு கோழி, நாக்பூர்ப் பக்கம் லாரி ஓட்டி, போனால் மாதக்கணக்கில் திரும்பாத ஒரே மகன் செங்கோட்டையன். மருமகள்தான் சௌந்திரம். கெங்கவல்லிப் பெண். வீட்டை இந்த ஊரார் 'ஊடு' என்றால் அவள் 'வூடு' என்பாள். அதற்கே மாமியாரிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

பாவாயி கெட்ட மனுஷி அல்ல. கெட்ட மனுஷியாக இருந்தால் இந்தக் கதை சுலபம். ஊரெல்லாம் வாங்கியதால் அவளும் வாங்கினாள். கிழக்குச் சன்னல் ஓரம் வைத்தாள். மகன் லாரியோடு வடக்கே போன மாதம் ஆத்தாளுக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. நல்ல பச்சை. சித்தரிடம் போய் வெளுத்து வந்தாள். மறு மாதம் மறுபடி பச்சை. மூன்றாம் முறை போனபோது சித்தர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்:

"வீட்ல புருஷன் பக்கத்தில் இல்லாத பொம்பளை யாராவது இருக்காளா?"

போதாதா? சித்தருக்குப் பேரைச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. மீதியை ஊர் சொல்லிக்கொண்டது. சௌந்திரம் கிணற்றடிக்குப் போனால் பேச்சு நின்றது. மோர் வாங்க வருகிறவர்கள் வராமல் போனார்கள். பாவாயி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் கெங்கவல்லிக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள். 'அமாவாசை கழிஞ்சு மக்யா நாள் விடிஞ்சதும் வந்து உங்க புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயிருங்க.'

"எங்க வூட்ல எனக்கு அடுத்த தங்கச்சி கல்யாணத்துக்கு இருக்கா, அத்தே" என்றாள் சௌந்திரம். "இந்தப் பேரோட நான் போய் எறங்கினா அவளை எவன் கட்டுவான்?"

"நான் என்ன பண்ணட்டும் அம்மணி? நானா சொல்றேன்? ஆத்தா சொல்றா."

"ஆத்தா என்ன சொல்றான்னு நானும் கேக்கறேன்" என்று போய்த் தொட்டிக்குள் கையை விட்டாள்.

"தொடாத! தீட்டு!"

தொட்டுவிட்டாள். எலும்பை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினாள். ஊரில் எத்தனையோ வீட்டில் எத்தனையோ மாதமாக இருந்த பொருள். ஒருவரும் செய்யாத காரியம் அது.

"அத்தே, இங்க வாங்க. சன்னலைப் பாத்த பக்கம் பச்சை. சுவத்தைப் பாத்த பக்கம் வெள்ளை."

"அதுக்கு?"

"நான் செஞ்ச பாவம் சன்னல் வழியா வந்து ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்குமா? மாட்டுத் தொட்டில வெயில் பட்டாப் பாசி புடிக்குது. உள்ள இருக்கிற குடிதண்ணிப் பானைல புடிக்கறதில்ல. மாடு என்ன பாவம் பண்ணுச்சு?"

பாவாயி, பதில் தெரியாதபோது மாமியார்கள் செய்வதைச் செய்தாள். "வாயாடி!" என்றாள்.

சௌந்திரம் நேராகப் பஞ்சாயத்து பிரசிடெண்ட் சரவணமுத்துவிடம் போனாள். அவர் வீட்டிலும் ஒரு ஆத்தா இருந்தாள். அவளுக்கும் அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போகும், சம்சாரம் சித்தரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவாள். ஆகையால் மனுஷர் கொஞ்சம் நொந்துதான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டினார். சித்தரையும் வரவழைத்தார்கள். புதுக் காவித் துண்டு போட்டுக்கொண்டு வந்தார்.

"ஒரு பரீட்சை வெக்கச் சொல்றேனுங்க" என்றாள் சௌந்திரம். கூட்டத்தின் நடுவில் வந்து நின்றாள். "எங்க அத்தே மேல யாருக்காவது ஒரு குத்தம் சொல்ல முடியுமா?"

"பாவாயி தங்கமுங்க!" என்று நாலு பக்கமும் சத்தம்.

"அவங்க ஆத்தாளை வெளுத்து, அதே சன்னல்ல வெய்ங்க. நான் அந்த வூட்லயே இருக்கல. பிரசிடெண்ட் வூட்டம்மாகூட இருந்துக்கறேன். இன்னொரு ஆத்தாளை இந்த ஊர்லயே பெரிய பாவி யாரோ அவரு வூட்ல வெய்ங்க. அமாவாசைக்கு ரெண்டையும் எடுத்துப் பாப்போம்."

பெரிய பாவி யார்? தேர்தலே தேவைப்படவில்லை. கூட்டம் முழுக்க ஒரே திசையில் திரும்பியது. அங்கே வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டு அப்புசாமி பல் குத்திக்கொண்டிருந்தான். சேவல்கட்டுப் பந்தயம், சீட்டாட்டம், கள்ளச் சாராயம், அடுத்தவன் தோட்டத்து வாழைத்தார், ஊருக்கு ஒன்றாக இரண்டு சம்சாரம். எதிலும் குறை வைக்காத ஆள்.

"நம்மளையுங்களா?" என்று எழுந்து வேட்டியை உதறினான். முகத்தில் மாப்பிள்ளைக் களை. "ஊரு பாத்து ஒரு மரியாதை செஞ்சா வேண்டாம்பனா?"

"எந்த எடத்துல வெக்கறது?" என்றார் பிரசிடெண்ட்.

"பாவம் எச்சா இருக்கற எடமாப் பாத்து வெய்ங்க" என்றாள் சௌந்திரம். கல்யாணமாகி வந்த இரண்டு வருஷத்தில் முதல் முறையாக, அதிகம் என்பதற்கு 'எச்சு' என்கிற அந்த ஊர்ச் சொல் அவள் வாயில் வந்தது. "அவரு வூட்டுக்குப் பின்னால ஒரு சின்ன ரூமு இருக்குதாமே."

அப்புசாமிக்குப் பல்குத்தி கீழே விழுந்தது. "அங்க வேண்டாமுங்க. வெறும் பானைங்க கெடக்குதுங்க."

"என்ன பானைடா?"

"வெறும் பானைங்கன்னு சொல்றனில்லீங்க."

அந்தப் பானைகளின் வாடிக்கைக்காரர்கள் கூட்டத்தில் பலர் இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள்.

சித்தர் தொண்டையைச் செருமினார். "இருட்டறையில் கூடாது. ஆத்தா மேல சூரியன் படணும்."

"உங்க கிடங்குல கறுப்புத் துணி போட்டு வெச்சிருக்கீங்களே சாமி?" என்றாள் சௌந்திரம்.

"அது... அது மூலஸ்தானம்."

"என்ற ரூமும் ஒரு மாதிரி மூலஸ்தானந்தானுங்க சாமி" என்றான் அப்புசாமி. கூட்டம் சிரித்துவிட்டது. சிரிப்புக்கு முன்னால் சித்தர்கள் அதிக நேரம் நிற்க முடியாது. ஒப்புக்கொண்டார். போதாததற்கு, அப்புசாமிக்கு ஒரு புது ஆத்தாளை ஊர்ப் பணத்தில் விற்றும்விட்டார். எது நடந்தாலும் சொல்வதற்கு ஒரு கதை அவரிடம் தயாராக இருந்தது. அதுதானே தொழில்?

சன்னல் இல்லாத அந்த அறைக்குப் பிரசிடெண்ட் தன் பூட்டைப் போட்டார். "என்ற பானைங்க உள்ளார இருக்குதுங்களே!" என்று அப்புசாமி கதறியது யார் காதிலும் விழவில்லை.

அமாவாசை வரைக்கும் பாவாயி விரதம் இருந்தாள். இரண்டு வேளை குளித்தாள். பொய் சொல்லவில்லை, யாரையும் திட்டவில்லை. இது அவளுக்குப் பெரிய கஷ்டம். அப்புசாமி அந்த நாட்களில் எதையும் விட்டுவைக்கவில்லை. பானை கைக்கு எட்டாத சோகத்தில் சீட்டு அதிகமாக ஆடினான். பரமத்திச் சேவல்கட்டில் தகராறு செய்து மண்டையில் கட்டோடு திரும்பினான். சௌந்திரம் பிரசிடெண்ட் வீட்டில் சோறு ஆக்கினாள், பாத்திரம் தேய்த்தாள். கெங்கவல்லி பஸ் போகும்போது மட்டும் வேலையை நிறுத்திவிட்டு நின்றாள்.

அமாவாசை வந்தது. கோயில் முன்னால் ஈ நுழைய இடமில்லை. சித்தர் தீர்த்தக் குடத்தோடு வந்து உட்கார்ந்தார்.

முதலில் பாவாயியின் தொட்டியைத் தூக்கி வந்தார்கள். பாவாயி அதன் மேல் புடவைத் தலைப்பைப் போட்டு மூடிக்கொண்டே வந்தாள். பிரசிடெண்ட் தலைப்பை விலக்கினார். பச்சை! கிளிப்பச்சை! சம்பா நாற்று மாதிரி ஆத்தா செழித்துக் கிடந்தாள்.

அப்புறம் பூட்டைத் திறந்து அப்புசாமியின் தொட்டியைத் தூக்கி வந்தார்கள்.

வெள்ளை. போட்டது போட்டபடி.

கூட்டம் இந்தத் தொட்டியைப் பார்த்தது, அந்தத் தொட்டியைப் பார்த்தது. யோசிக்கிறது என்று நினைத்தீர்களா? பின்னால் இருந்து ஒரு குரல் கிளம்பியது: "அப்புசாமி சாமீ!" அவ்வளவுதான். நாலு பெண்கள் ஓடிவந்து அவன் காலில் விழுந்தார்கள். ஒரு கிழவர் குழந்தையை நீட்டி விபூதி பூசச் சொன்னார். மண்டைக் கட்டோடு அப்புசாமி இரண்டு கையையும் தூக்கினான்.

"நல்லா இருங்க, நல்லா இருங்க! சாராயம் குடிச்சா உடம்புக்கு ஆகாது. குடிக்கறவங்க என்றகிட்ட வாங்குங்க!"

"நிறுத்துங்க!" என்று சௌந்திரம் கத்தினாள். "அந்த ரூம்ல இல்லாதது பாவம் இல்லீங்க! வெளிச்சம்! வெளிச்சம் இருந்தாப் பாசி, இல்லாட்டி இல்லை! இது கூடவா தெரியல? தெனமும் மாட்டுத் தொட்டி தேய்க்கறீங்களே!"

சித்தர் விடுவாரா? கையை உயர்த்தினார். "அவசரப்படாதே பெண்ணே! அப்புசாமிக்குப் பூர்வ ஜென்மப் புண்ணியம். அந்த அம்மாவுக்கு..." என்று பாவாயியை நோக்கி விரலை நீட்டினார். "வயசுக் காலத்தில் செய்த ரகசியப் பாவம். ஆத்தா காட்டிக் கொடுத்துட்டா!"

அங்கேதான் சித்தர் சறுக்கினார். எலும்பைப் பற்றி எல்லாம் தெரிந்த மனுஷருக்கு மாமியார்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. மருமகள் மேல் பாவம் என்றபோது 'ஆத்தா சொல்றா' என்று இருந்த பாவாயி, தன் மேல் என்றதும் ஒரு நொடியில் பகுத்தறிவாளி ஆகிவிட்டாள்.

"ஆருக்குடா பாவம்? எடுபட்ட நாயே! முப்பது வருசமாத் தாலியறுத்து ஒத்தையில கெடந்து ஒரு புள்ளைய வளத்தவ நானு! என்னைக் கூடாத வார்த்தை சொல்ற நாக்கை இழுத்து வெச்சு அறுத்துப்போடுவேன்! கொண்டாடா அந்தக் குடத்தை! ராத்திரில ஒளிச்சு வெச்சு என்ன பண்றயோ, அதை இங்க வெச்சுப் பண்ணு!"

விரதம் அத்துடன் முறிந்தது. குடத்தைப் பிடுங்கி நடுவில் வைத்தாள். மூடியைத் திறந்தாள். குப்பென்று 'கடல் வாசம்' கிளம்பியது. முன் வரிசை பக்தியோடு மூக்கை நீட்டியது.

அப்போது பிரசிடெண்ட் சரவணமுத்து மெல்ல எழுந்தார். குடத்தை முகர்ந்தார். இன்னொரு முறை முகர்ந்தார்.

"இந்த நாத்தம் எனக்குத் தெரியுமே... போன கோடையில வாந்திபேதி வந்தப்ப நம்ம பொதுக் கெணத்துல ஒரு பவுடர் போட்டாங்களே. நாந்தானே கூட நின்னு போடச் சொன்னேன்? பிளீச்சிங் பவுடர்! இது அதே தானுங்க!"

அன்றைக்குக் கிணற்றடியில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவர்கள்தான் இன்றைக்குக் காசு கொடுத்து இழுத்தவர்கள்.

"பொய்! தீர்த்தம்! ஆழ்கடல் தீர்த்தம்!" என்று சித்தர் எழுந்தார். தோளிலிருந்த காவித் துண்டைச் சௌந்திரம் உருவினாள். குடத்துக்குள் போட்டு ஒரு குச்சியால் அமுக்கினாள். சித்தர் கிளம்பப் பார்த்தார். நாலு பேர் அன்போடு உட்கார வைத்தார்கள். ஒருவர் வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரம். குச்சியால் துண்டைத் தூக்கிக் காட்டினாள். கடைச் சாயம் எங்கே போனதோ? அங்கங்கே திட்டுத் திட்டாகக் காவி, மற்றதெல்லாம் வெள்ளை.

"உங்க துண்டு பண்ணின பாவமும் தீந்து போச்சுங்க சாமி!" என்றான் அப்புசாமி. தன் கோயில் அரை மணி நேரத்தில் இடிந்து போன வருத்தம் அவன் முகத்தில் கொஞ்சமும் இல்லை. "என்ற தொழிலே தேவலைங்க. நான் குடுக்கற தண்ணில போதையாவது இருக்குதுங்க."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அப்புறம் கிடங்குக்குப் போனார்கள். இரண்டு மூட்டை பிளீச்சிங் பவுடர், மளிகைக் கடை உப்பு, சாக்குச் சாக்காக எலும்பு. கம்மல்களும் சேவல்களும் உரியவர்களுக்குத் திரும்பின. சித்தர் சாயங்கால பஸ்ஸில், துண்டு இல்லாமல், யாரும் வழியனுப்பாமல் போனார். அவர் மேல் ஒரு அடி விழாமல் பார்த்துக்கொண்டவர் பிரசிடெண்ட். அடித்தால் சுத்துப்பட்டில் யாராவது அந்த ஆளைத் தியாகி ஆக்கிக் கோயில் கட்டிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம்.

பாவாயி மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வழக்கம் அவளுக்கு இல்லை. பிரசிடெண்ட் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"கோழிக்கெல்லாம் இன்னும் தண்ணி வெக்கலை. ஊட்டுக்கு வாரயா, இல்ல நான் தூக்கிக்கிட்டுப் போகோணுமா?"

"வூட்டுக்கு வர்றேன் அத்தே" என்றாள் சௌந்திரம்.

"ஊடுன்னு சொல்லு."

"வூடு."

ஜனங்களே, ஒரு வார்த்தை. உங்கள் மருமகளின் ஒழுக்கத்தைப் பாசியிடம் கேட்கிற அளவுக்கு நம்பிக்கை இருக்கிறதே, அதில் கால்வாசி உங்கள் சொந்தக் கண்ணிடம் வைக்கக் கூடாதா? எலும்பு யோசிக்காது. அதற்கு மூளை இல்லை. உங்களுக்கு என்ன சாக்கு?

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கெங்கவல்லியிலிருந்து சௌந்திரத்தின் அப்பா மகளைக் கூட்டிப் போக வந்தார். பாவாயி தோசையும் கோழிக் குழம்பும் போட்டாள். சாப்பிட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் தனியாகத் திரும்பிப் போனார்.